பொங்கல் பானைக்கு ஒரு சான்றிதழ்

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த ஆபிரிக்கர்களுக்காக அவுஸ்திரேலியாவில், ஸ்பிரிங்வேலில் எங்கள் தமிழ் மூத்தோர் மன்றம் ஒருநாள் கூட்டாக அழுதது. அழவைத்தவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது.

நான் மெல்பேர்னில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவள். மூத்தோர் மன்றத்தில் சேரும் வயது இன்னும் வரவில்லை. ஆனால் மன்றத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. கவுன்சிலுக்கு விண்ணப்பம், மண்டபத்துக்குப் பொறுப்பானவருக்கு மன்னிப்புக் கடிதம், இப்படி மாதத்துக்கு ஒன்று இருக்கும். "பிள்ளை, உங்கட இங்கிலீஷ் எண்டா வெள்ளைக்காரரே எழும்பி நிண்டு வாசிப்பாங்கள்" என்று தலைவர் அங்கிள் ஒருநாள் சொன்னார். புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துபோகிற பிறவி நான். அன்றிலிருந்து கௌரவச் செயலாளர்.

மன்றம் மாதக் கடைசிச் சனிக்கிழமை பகலில் கூடும். தேவாரம், ஒரு உரை, பிறகு சாப்பாடு. தேவாரத்துக்கும் உரைக்கும் பிந்தி வருகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிந்தி நான் கண்டதில்லை. ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து நீள மேசையில் வைப்பது வழக்கம். யாருடைய ரோல்ஸ் முதலில் முடிகிறது, யாருடைய சுண்டல் மிஞ்சுகிறது என்பதில் அன்ரிமாருக்கு இருக்கும் அக்கறை, இந்த நாட்டுத் தேர்தலில் யார் வெல்கிறார்கள் என்பதில் இல்லை.

போன வருடம் பெப்ரவரியில் ஒரு புது அன்ரி வந்து சேர்ந்தார். சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில், கணவரோடு இருந்தவர். கணவர் காலமான பிறகு மகளுக்குக் கிட்ட இருக்கலாம் என்று ஸ்பிரிங்வேலுக்கு வந்திருந்தார். மகள் தாதி, எந்நேரமும் வேலை. அன்ரி ஒரு சின்ன யூனிட்டில் தனியே இருந்தார். வாட்டசாட்டமான மனுசி. வாயைத் திறந்தால் சிரிப்பு.

வந்த அன்றே தலைவரின் மனைவி, எங்கள் தலைவர் அன்ரி, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஊரிலை எவடம்?"

புது அன்ரி ஊரின் பெயரைச் சொன்னார்.

"அட, எங்கட பக்கம்தான்! ஊருக்குள்ளை எவடம்?"

"சந்தியிலையிருந்து கிழக்காலை."

"கிழக்காலை எண்டா குளத்துக்கு இஞ்சாலையோ அங்காலையோ?"

"அங்காலை."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னார்.

"ஓ" என்றார் தலைவர் அன்ரி. கதிரை ஒரு சாண் பின்னுக்குப் போனது.

தெரியாதவர்களுக்கு இது ஊர்ப்பாசம் போலத்தான் இருக்கும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்களுக்கு நாலு கேள்வி போதும். கடல் தாண்டி வந்து முப்பது வருடமாகிறது, தமிழில் பாதி மறந்துபோய்விட்டது, ஆனால் எந்தக் குளத்துக்கு அங்கால் யார் இருந்தார்கள் என்பது மட்டும் ஒரு இம்மிகூட மறக்கவில்லை.

அடுத்த மாதம் புது அன்ரி உழுந்துவடை செய்து கொண்டுவந்தார். பொன்னிறமாக, நடுவில் ஓட்டையோடு, பார்த்தாலே எச்சில் ஊறும். மேசையில் வைத்தார். ஒருத்தரும் தொடவில்லை. "எனக்குச் சீனி வருத்தமெல்லோ" என்றார் ஒருவர். வடைக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். "டொக்டர் எண்ணெய்ச் சாமான் தொடப்படாது எண்டிட்டார்" என்றார் இன்னொருவர், கையில் தலைவர் அன்ரியின் பற்றிஸை வைத்துக்கொண்டு. அதுவும் எண்ணெயில் பொரித்ததுதான். ஆனால் அது வேறு எண்ணெய் போலும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்களே. நான் படித்தவள், முற்போக்கானவள். ஒரு வடையை எடுத்தேன். புது அன்ரியைப் பார்த்துச் சிரித்தேன். மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பிறகு ரிஷ்யூத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று. வீட்டுக்குப் போகும் வழியில் பெற்றோல் அடிக்க இறங்கியபோது அந்த வடை அங்கேயிருந்த குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டது. ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. நான்தான் சாதி பார்க்காதவளாயிற்றே!

செப்டம்பரில் பொதுக்கூட்டம். வருகிற தைப்பொங்கலைப் பற்றிப் பேச்சு வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் காஸ் அடுப்பை வைத்துப் பொங்குவது வழக்கம். பொங்குவது எப்போதும் தலைவர் அன்ரிதான். அன்றைக்குப் புது அன்ரி கையை உயர்த்தினார்.

"இந்த முறை நான் பொங்கட்டே? எங்கட அவர் இருக்கேக்கை வருசா வருசம் வீட்டிலை பொங்கி நாலு சனத்துக்குக் குடுக்கிறனாங்கள். போன முறை அவற்றை சாவுத் துடக்கு, பொங்கேல்லை. இந்த முறை தனிய ஒரு ஆளுக்கு எப்பிடிப் பொங்கிறது, சொல்லுங்கோ? பொங்கல் எண்டா தின்னச் சனம் வேணுமெல்லே."

தலைவர் அங்கிள் தொண்டையைச் செருமி, "கொமிற்றி யோசிச்சுச் சொல்லும் அக்கா" என்றார்.

கொமிற்றி தலைவர் வீட்டில் கூடியது. "ஆள் விதவை, அதைச் சொல்லலாமே" என்றார் பொருளாளர். தலைவர் அங்கிள் சீறி விழுந்தார். "சீச்சீ, அது பிற்போக்கு! இது அவுஸ்திரேலியா. இஞ்சை வந்து அப்பிடியெல்லாம் கதைக்கப்படாது." அவர் முற்போக்கானவர். "சாதியும் நான் பாக்கிறேல்லை. ஆனா சனம் சாப்பிடாட்டி? பொங்கல் வீணாப்போனா ஆருக்கு வெக்கம்? அவவுக்குத்தானே? அவவுக்கு ஒரு மனவருத்தம் வரப்படாது எண்டுதான் நான் யோசிக்கிறன்." எவ்வளவு நல்ல மனம்! பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இந்தச் சாப்பாட்டுச் சுகாதாரம், சேர்ட்டிபிக்கற் எண்டு ஏதோ கவுன்சில்காரர் சொல்லுறவையெல்லோ? அதை வைச்சு ஒரு விதி எழுதேலாதோ?"

எழுதினேன். அதுவும் வாய் சப்புக்கொட்டிக்கொண்டு எழுதினேன். மன்றத்துக்காகச் சமைக்க முன்வரும் உறுப்பினர்கள் அங்கீகரிக்கப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பத்து வருடங்களுக்கு மேலாக மன்றத்துக்குச் சமைத்துவரும் உறுப்பினர்களுக்கு இவ்விதி பொருந்தாது. ஆங்கிலத்திலும் தமிழிலும், மன்றத்தின் கடிதத் தாளில், தலைவரின் கையெழுத்தோடு போனது. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. எவருடைய ஊரும் இல்லை, குளமும் இல்லை. அவ்வளவு சுத்தமான விதி. எழுபத்தொரு வயது மனுசி, ஆங்கிலம் அரைகுறை, சோதனை எழுதவா போகிறார் என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

நவம்பர் கூட்டத்துக்குச் சீனி வருத்தத்தைப் பற்றிப் பேச ஒரு டொக்டர் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவருக்கு ஏதோ வேலை வந்துவிட்டது. "பிள்ளை, நீங்கள் ஏதும் ஒரு பிரியோசனமான விசயம் பேசுங்கோவன்" என்று தலைவர் முதல்நாள் ஃபோன் எடுத்தார். பத்தாம் வகுப்புக்குக் காட்டிய ஸ்லைட் என்னிடம் இருந்தது. ஆபிரிக்க அடிமைகளும் அமெரிக்கா என்ற இளம் தேசமும். தமிழில் நாலு வரி மாற்றிக்கொண்டு போனேன்.

நன்றாகத்தான் பேசினேன். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிவைத்துவிட்டு ஒரு நாடு பிறக்கிறது. எழுதியவர்களில் பலபேருடைய வீட்டில் அடிமைகள். பருத்தி வயலில் அவர்கள், குசினியில் சமைப்பதும் அவர்கள், எசமானின் குழந்தைக்குப் பால் கொடுப்பதும் அவர்கள். சந்தையில் தாயை ஒருத்தன் வாங்குகிறான், பிள்ளையை இன்னொருத்தன் வாங்குகிறான். அந்த இடம் வந்ததும் முன்வரிசையில் சேலைத் தலைப்புகள் கண்ணுக்குப் போயின. "எங்களுக்கும் இப்பிடித்தானே" என்று ஒருவர் விம்மினார். அது பொய்யில்லை. அந்த மண்டபத்தில் ஊரில் நடந்த போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அத்தனை பேரும் அடிமையின் பக்கத்தில் போய் நின்று அழுதார்கள். எசமானின் கதிரை வெறுமையாகக் கிடந்தது, அதில் இருந்து பார்க்க ஒருத்தரும் இல்லை. போன மாதம்தான் டண்டினோங் ரயில் ஸ்ரேசனில் இரண்டு சூடான் நாட்டுப் பெடியள் நிற்பதைக் கண்டுவிட்டு, காரின் கதவைப் பூட்டு பூட்டு என்று கத்தியவர்களும் அவர்களுக்குள் இருந்து மூக்கைச் சிந்தினார்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய சீதன உறுதிப் பத்திரங்களில் பனங்காணி, கிணற்றுப் பங்கு என்று எழுதியதோடு மனிதர்களையும் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அப்போது ஆண்ட ஒல்லாந்தர் அதைச் சட்டமாகவே தொகுத்து வைத்தார்கள். சரித்திர ரீச்சருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் அதற்கு என்னிடம் ஸ்லைட் இருக்கவில்லை.

அடுத்த பகுதிக்குப் போனேன். அடிமை முறை ஒழிந்துவிட்டது, இனி வாக்குப் போடலாம். தென் மாநிலத்து வெள்ளையர்கள் என்ன செய்தார்கள்? கறுப்பருக்கு வாக்கில்லை என்று எழுதினால் சட்டம் விடாது. அதனால், வாக்குப் போட விரும்புகிறவர்கள் ஒரு சோதனையில் சித்தியடைய வேண்டும் என்று எழுதினார்கள். அப்படியென்றால் எழுத்து வாசனை இல்லாத வெள்ளையர்களும் விழுந்துவிடுவார்களே? அதற்கும் ஒரு வழி. யாருடைய பாட்டன் முன்னர் வாக்குப் போட உரிமை பெற்றிருந்தாரோ, அவருக்குச் சோதனை இல்லை. "பாத்தியளே, விதியிலை கறுப்பு எண்ட சொல்லே இல்லை" என்று சொல்லி, வகுப்பில் வழக்கமாகச் செய்வதுபோல ஒரு கணம் நிறுத்தினேன்.

வகுப்பில் அந்த இடத்தில் பிள்ளைகள் யோசிப்பார்கள். அன்றைக்கு யோசித்தவள் நான். பத்து வருடங்களுக்கு மேலாகச் சமைத்துவரும் உறுப்பினர்களுக்கு இவ்விதி பொருந்தாது. ஐயோ கடவுளே! வருடா வருடம் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்து, பரீட்சையில் கேள்வியும் போட்டு, பிழையாக எழுதியவர்களுக்குப் புள்ளியும் வெட்டியவள், அதே விதியைத் தலைவர் வீட்டுச் சோபாவில் இருந்து, கையில் பால்தேத்தண்ணியோடு, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அப்போதுதான் புது அன்ரி கையை உயர்த்தினார்.

"பிள்ளை, ஒரு கேள்வி. அந்தச் சோதினை ஒருத்தராவது பாஸ் பண்ணினவையோ?"

"ஓம் அன்ரி. கொஞ்சப் பேர் பாஸ் பண்ணினவை."

"பாஸ் பண்ணினாப் பிறகு விட்டவங்களோ?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். விட்டார்கள் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். இத்தனை வருடம் படிப்பித்த வாயிலிருந்து அது வராமல் அடம்பிடித்தது.

"இல்லை அன்ரி. வேறை ஒரு சாட்டுக் கண்டுபிடிச்சவங்கள்."

அன்ரி தலையை ஆட்டினார். கைப்பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்த ஒரு தாளை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"நானும் பாஸ் பண்ணீட்டன். பக்கத்து யூனிற்றிலை இருக்கிற சூடான் பிள்ளையும் நானும் சேந்துதான் கோர்ஸுக்குப் போனனாங்கள். அவ கபேயிலை வேலை எடுக்கப் படிச்சவ, நான் பொங்கப் படிச்சனான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. தலைவர் அங்கிள் மேடைக்கு ஓடிவந்து என் கையிலிருந்த மைக்கைப் பறித்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை, முழங்கால் வருத்தக்காரர்.

"மிக அருமையான உரை. எங்கட செயலாளருக்கு ஒருக்காப் பலமாக் கை தட்டுங்கோ. அக்காவுக்கும் வாழ்த்துக்கள். அதோடை ஒரு சின்ன அறிவித்தல். ஜனவரியிலை காட்டுத்தீப் பயத்தாலை தீத்தடை நாள் வாறபடியாலை வெளியிலை அடுப்பு மூட்டிறது ஆபத்து. அதனாலை இந்த முறை பொங்கலைக் கடையிலை ஓடர் பண்ணுறதாக் கொமிற்றி தீர்மானிச்சிருக்கு."

கொமிற்றி அப்படி ஒன்றும் தீர்மானிக்கவில்லை, நானும் கொமிற்றிதானே. பதினைந்து வருடமாக அதே ஜனவரியில், அதே கார் நிறுத்துமிடத்தில், அதே அடுப்பில்தான் தலைவர் அன்ரி பொங்கினார். கடையில் யார் பொங்குவார்கள்? குளத்துக்கு இஞ்சாலா, அங்காலா? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. கடைக்காரருக்கு ஊர் இல்லை.

நான் சொன்ன சரித்திரத்துக்கு உதாரணம் கிடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். இறங்காமல் நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செயலாளர் பதவி போயிருக்கும், அவ்வளவுதான். அதற்குக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

வெளியில் கார் நிறுத்துமிடத்தில் அன்ரியைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன். வாயிலிருந்து வந்தது என்னவோ, "அன்ரி, வெயில் சரியாச் சுடுது என்ன?"

"ஓம் பிள்ளை" என்றார். பிறகு, "நான் வீட்டிலை பொங்கப்போறன். கொஞ்சமாத்தான். நீங்கள் வாறியளோ? பத்து மணிக்கு இறக்கிப்போடுவன். வாறனெண்டா உங்களுக்கும் சேத்து அரிசி போடுறன்."

"கட்டாயம் வாறன் அன்ரி" என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை.

பொங்கலன்று காலையில் முழுகி, சேலை உடுத்து, நேரே அன்ரி வீட்டுக்குத்தான் புறப்பட்டேன். வழியில் தலைவர் ஃபோன். "பிள்ளை, கவுன்சிலர் வாறார். ஆங்கிலத்திலை வரவேற்க ஆளில்லை." அரை மணித்தியாலம் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று மண்டபத்துக்குக் காரைத் திருப்பினேன். கவுன்சிலர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். பன்முகக் கலாசாரத்தைப் பற்றிப் பேசினார். நானும் பேசினேன். கடைப் பொங்கல் அலுமினியத் தட்டுகளில் வந்தது, கட்டியாக, ஒரே இனிப்பாக. எல்லோரும் மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். குழுப்படம் எடுத்தார்கள், வட்ஸ்அப்பில் போட்டார்கள். ஒரு கோப்பை என் கையிலும் திணித்தார்கள். சாப்பிட்டேன். அன்ரியின் யூனிட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் சின்னதாக ஒரு கோலம். பானையைக் கழுவி, சிங்க் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டபடி.

"வாங்கோ பிள்ளை. இப்பதான் சூடான் பிள்ளை போறா. மகளும் டியூட்டிக்குப் போக முந்தி வந்து சாப்பிட்டவ. அந்தப் பிள்ளை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டது. சக்கரை கொஞ்சம் கூடிப்போச்சாம்." அன்ரிக்கு முகமெல்லாம் சந்தோசம். "உங்களுக்கு எடுத்து வைச்சனான்."

மேசையில் ஒரு கிண்ணம், மேலே தட்டு மூடியிருந்தது. தட்டைத் தூக்கினேன். நெய் வாசம், ஏலக்காய் வாசம். கஜுப் பருப்பும் உலர்ந்த திராட்சையும் மற்றவர்களுக்குப் போட்டதைவிட எனக்குக் கூடப் போட்டிருப்பார் என்று பார்க்கவே தெரிந்தது. கரண்டியை எடுத்தேன். அன்ரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு இறக்கினது" என்றார் மெதுவாக. "நாலு மணித்தியாலத்துக்கு மேலை வெளியிலை இருந்தா எறிய வேணும் பிள்ளை. கோர்ஸிலை அதைத்தான் முக்கியமாச் சொன்னவை."

"பரவாயில்லை அன்ரி. தாங்கோ, நான் சாப்பிடுறன்."

அவர் கையால் சமைத்ததை நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லைப் பிள்ளை. சேர்ட்டிபிக்கற் எடுத்த ஆள் நான். விதிக்கு மாறா நடக்கப்படாது."

குரலில் கோபம் இல்லை. கிண்ணத்தை என் முன்னாலிருந்து எடுத்தார், குப்பை வாளியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தார், கரண்டியால் வழித்துப் போட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்தார். பெற்றோல் ஸ்ரேசன் குப்பைத் தொட்டி எனக்கு ஞாபகம் வந்தது. கிண்ணத்தைக் கழுவிப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி போடட்டே பிள்ளை? தேத்தண்ணிக்கு நீங்கள் விதி ஒண்டும் எழுதேல்லைத்தானே?"